குடை பிடித்த வொம்பட்டும் ஒரு பிடி பழப்புளியும்

பித்தளை விளக்கு மினுக்குவதற்குப் பழப்புளியை மிஞ்சிய சாமான் இன்னும் கடைக்கு வரவில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலில் குத்துவிளக்குகளைப் பார்த்துவிட்டு ஐயரே ஒருமுறை, "விமலாதேவி அம்மாவின்ர கை பட்டால் பித்தளையும் தங்கமாகும்" என்று சொன்னவர். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்க வந்த விசயம் அந்தப் புளியில்தான் தொடங்குகிறது.

மகாதேவன் அண்ணை, கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். தேத்தண்ணி ஆறப்போகிறது. ஃபோனில் பதிவு செய்கிறீர்கள் என்றால் செய்யுங்கள், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. நீங்கள் எங்கள் சங்கத்தின் செயலாளர், உங்களுக்கு எல்லாம் தெரியும். பிறகு இதைக் கேட்கப் போகிறவர்களுக்காக முதலில் இருந்தே வருகிறேன்.

கோல்ட் கோஸ்டில் கூக்கபரா கிங்டம் என்றொரு கேளிக்கைப் பூங்கா. அங்கே எனாமல் பூசிய சின்னச் சின்னப் பின்கள் விற்பார்கள். கங்காரு, கோலா, ஈமு என்று விதவிதமாக இருக்கும். அவற்றைக் கழுத்தில் தொங்கவிடும் துணிப் பட்டியில் குத்திக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வது ஒரு பைத்தியம். பிள்ளைகளுக்கு வந்த பைத்தியம் தாய் தகப்பனுக்கும் தொற்றி, கிளென் வேவர்லி மண்டபத்தில் மாதாமாதம் கூடுகிற அளவுக்கு எங்கள் சங்கம் வளர்ந்தது. வளர்ந்த இடத்தில் போலிப் பின்களும் வந்து சேர்ந்தன. அசலைப் போலவே இருக்கும், ஆனால் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் மலிவாக அடித்தது.

போலியைப் பிடிப்பது என் வேலை. ஒருவரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். மருத்துவ ஆய்வுகூடத்தில் காலம் முழுக்க நுணுக்கிப் பார்த்த கண் அல்லவா. மண்டபத்து மூலையில் எனக்கென்று ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி. என் கழுத்தில் தொங்கும் கோலா ராணிப் பின்னைக் கழற்றி வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது நல்லது, இது போலி என்று சொல்வேன். போலியை அங்கேயே குப்பைக் கூடைக்குள் போட்டுவிடுவேன். அழுத பிள்ளைகள் உண்டு. உண்மை என்றால் அப்படித்தான். "விமலா அன்ரியிட்டக் காட்டினியளோ?" என்ற ஒரு கேள்வி இல்லாமல் அந்த மண்டபத்தில் ஒரு பின் கைமாறாது. என்னுடைய மனுசன் போன பிறகு, மாதத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் சீலை மடிப்பெடுத்தேன்.

பிறகு கலா வந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, சிரித்த முகம், கையில் எப்போதும் ஒரு டப்பா முறுக்கு. அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. விரல் நுனியால் ஒரு தடவு தடவிவிட்டு, "இது நல்ல பீஸுங்க" என்பாள். அவ்வளவுதான். சனம் மெல்ல மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது. என் மேசைக்கு வந்தவர்கள் கதிரை கேட்டுத்தான் வந்தார்கள், அவளைச் சுற்றிப் போடுவதற்கு. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கலாவின் பட்டியில் நடுநாயகமாக ஒரு பின் இருந்தது. குடை பிடித்த வொம்பட், கரடிக்குட்டி மாதிரி இந்த நாட்டு மிருகம். பூங்காவில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது, கடையில் கிடைக்காது. அவள் மகள் தேஜஸ்வினி ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே வேலை செய்து, அதைக் கொண்டுவந்து தாயின் கழுத்தில் குத்திவிட்டாளாம். கலா அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டாள். குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவாளாம், அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நவராத்திரி வந்தது. பிள்ளைகள் புத்தகம் வைக்கிறார்கள், நாங்கள் பின் வைப்போம் என்று யாரோ பகிடிக்குத் தொடக்கி, அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. எல்லோருடைய பட்டிகளும் என் வீட்டுச் சுவாமி அறையில், சரஸ்வதிக்கு முன்னால். பூசையில் வைத்ததை விசயதசமி வரை தொடக்கூடாது. ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் தொட்டேன்.

அழுக்கோடு ஒரு பொருளைச் சரஸ்வதிக்கு முன் வைக்க மனம் கேட்கவில்லை. குசினிக்குக் கொண்டுபோய், புளி கரைத்து, தேசிக்காய் பிழிந்து, உப்பும் போட்டு ஊறவிட்டு, மறுநாள் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். கை தன் பாட்டில் செய்கிற வேலை.

எல்லாப் பின்களையும் மினுக்கினாயா என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. ஒன்றைத்தான்.

பின்னுக்கு மேலே இருப்பது தங்கம் அல்ல, மெல்லிய முலாம். புளி அதை உரித்துவிடும். ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவளுக்கு அமிலம் என்ன செய்யும் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்டால், தெரியும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

விசயதசமியன்று கலா தன் பட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வொம்பட்டின் குடை வெளிறி, விளிம்பெல்லாம் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. நான் மெதுவாகத்தான் சொன்னேன்: "சாமிக்கு முன்னால வைக்கிறதெண்டு புளி போட்டுத் துடைச்சனான், பிள்ளை. அசல் எண்டால் இப்பிடி வெளிறுமோ?" எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கலா அங்கேயே மகளுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நிஜத்தைச் சொல்லு தேஜு, எங்க வாங்கின?"

"அம்மா, சீரியஸ்லி? அங்க வேலை பாத்தப்ப குடுத்தாங்கம்மா. என்னைய நம்பலையா நீ?"

கலா நம்பவில்லை. என்னை நம்பினாள். தாயும் மகளும் இப்போது பேசுவதில்லை, தீபாவளிக்கும் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்று கேள்வி. அது அவர்கள் குடும்ப விசயம், நான் தலையிடுவதில்லை. அடுத்த கூட்டத்தில் கலா தன் மிச்சப் பின்களை எல்லாம் ஒரு முறுக்கு டப்பாவில் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா, எனக்கு என் கை மேலேயே நம்பிக்கை போச்சு." பார்த்துச் சொன்னேன். பாதியைக் கூடைக்குள் போட்டேன். அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது.

ஆனால் சனம் இப்படிச் செய்யும் என்று நான் நினைக்கவில்லை, அண்ணை. ஆளாளுக்கு வீட்டில் புளியைக் கரைத்துவிட்டார்களே! கிளென் வேவர்லிப் பலசரக்குக் கடையில் பழப்புளி முடிந்துவிட்டது. "ஐயோ அன்ரி, என்ர எல்லாம் போலியாம்" என்று எங்கள் சங்கத்து ப்ரீத்தி அழுதாள். உங்கள் மனுசியின் பெட்டி முழுக்க ஒரே சட்டியில் போனது எனக்கும் கவலைதான். கடைசியில் சங்கத்துக் கீர்த்தனன் பூங்காவுக்கே அழைப்பெடுத்து, எங்களுக்குப் போலியை விற்றுப்போட்டீர்கள் என்று சண்டை பிடிக்க, அசலும் புளியில் வெளிறத்தான் செய்யும், எதற்காக எங்கள் பின்களைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அதனால்தானே இன்றைக்கு என் குசினியில் இருக்கிறீர்கள்.

என் கோலா ராணி மட்டும் பளபளப்பாக இருப்பதை நீங்கள் வந்ததில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓம், நான் அதைப் புளியில் போடவில்லை. போட்டுப் பார்க்க வேண்டிய தேவை எனக்கில்லை.

கலா சங்கத்துக்கு வந்த முதல் நாள், என் மேசைக்கு வந்து கும்பிட்டுவிட்டு, ஆசையாக என் ராணியைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்க, "அக்கா, இது டூப்ளிகேட்டுங்க. கவலைப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அதோடு ஒப்பிட்டுத்தான் நான் இத்தனை காலமும் பிள்ளைகளுடைய பின்களைக் கூடைக்குள் போட்டேன் என்பதும் அவளுக்கு விளங்கியிருக்கும். அதையும் அவள் சொல்லவில்லை. விசயதசமியன்று எல்லோருக்கும் முன்னால் கண் கலங்கி நின்றபோதுகூட, என் கழுத்தை ஒருதரம் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. மாதாமாதம் அதே சிரிப்பு, அதே முறுக்கு. அதை ஒரு மனுசி எவ்வளவு காலத்துக்குத் தாங்குவாள்?

எல்லாம் நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நியாயமாகவும் எழுதுங்கள், அண்ணை: முதல் நாளே கலா எல்லோருக்கும் கேட்கச் சொல்லித் தொலைத்திருந்தால், நான் அவளுக்கு இப்படிச் செய்ய வேண்டி வந்திராது.