பாதத்துக்குப் பூட்டா?

தலைமை தாங்கும் வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, திருவுருவக் காப்புக் குழுப் பெரியோர்களே, பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி நிற்கும் தாய்மார்களே, உட்கார இடமின்றிக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் தோழர்களே, வணக்கம்!

இயேசுபிரானின் திருவுருவ மாடத்துக்கு அமைத்த கண்ணாடி அடைப்பை வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். வந்தேன். வாழ்த்த வாய் வரவில்லை! நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை!

தொட்டுத் தொட்டு ஆண்டவரின் கால் பெருவிரல் தேய்ந்துவிட்டது, காக்க வேண்டும் என்றது குழு. நியாயந்தான். அளவெடுக்கப் போனார்கள். திருப்பாதத்தின் மேல் அளவுநாடாவை வைப்பதா என்று கூச்சம்! அங்கியின் விளிம்போடு நிறுத்திக்கொண்டார்கள். பக்தி மிகுந்தது, கண்ணாடி குறைந்தது! சிரியுங்கள், சிரியுங்கள், ஆண்டவரும் சிரித்திருப்பார். திருமுகம் உள்ளே, திருப்பாதம் வெளியே. அந்த இடைவெளியை அடைக்கும் துண்டுக் கண்ணாடியை இன்று பொருத்தப் போகிறார்கள்.

நேற்று சலவைக்கடை அக்கா என்னை வழிமறித்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அவர் கணவர் படுத்த படுக்கையாகக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள்.

"தெனமும் அந்தப் பாதத்தத் தொட்டுட்டு, அந்தக் கையோட ஓடிப்போய் அவரு நெத்தியில வைக்கிறேன் அண்ணே. அப்பதான் கண்ணத் தொறக்குறாரு. இனிமே கண்ணாடியத் தொட்டுட்டுப் போயி என்னன்னு வைப்பேன்?"

மைக்கைக் கண்டால் விடாதவன் நான். இன்று அந்த அக்காவுக்காகவே பிடித்திருக்கிறேன்!

அங்கே யார், "செல தேஞ்சு போனா?" என்பது? நல்ல கேள்வி, ஐயா! தேயட்டும்! தொழுநோயாளியைத் தொட்டவர் அல்லவா அவர்? ஐயப்பட்ட சீடனிடம் காயத்தைக் காட்டி, தொட்டுப் பார் என்றவர் அல்லவா அவர்? அவர் பாதத்துக்கு நாம் பூட்டுப் போடுவதா? விரல் தேய்ந்தால் சிற்பி வேறு விரல் செய்வார். அந்த அக்காவின் நம்பிக்கை தேய்ந்தால், எந்தப் பட்டறையில் கொடுத்துச் செய்வது?

தந்தையே, துண்டுக் கண்ணாடி மேடையோரம் சாய்ந்திருக்கிறது. கண்ணாடிக்காரர் திருப்புளியும் கையுமாக உங்கள் முகத்தையே பார்க்கிறார். அக்கா கடைசி வரிசையில் நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

இதோ, தந்தை எழுந்துவிட்டார்! என்ன சொல்கிறார்?

"கண்ணாடி கெடக்கட்டும்ப்பா. மொதல்ல அந்தம்மாவுக்கு வழி விடுங்க!"

கேட்டீர்களா? கை தட்டியது போதும், விலகி நில்லுங்கள். பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி, வணக்கம். போங்கள் அக்கா, தொட்டுவிட்டு ஓடுங்கள். வீட்டில் ஒரு நெற்றி காத்திருக்கிறது!