இருமுறை தைத்த வெள்ளை இலை

எங்கள் பூவேலைப் பயிற்சிக் கூடத்தின் மாதிரி அறையிலிருந்து விடைபெறும் அக்காவுக்கு, உடன் உழைத்தவர்கள் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்

ஊசியை உறவாக்கி, நூலை நட்பாக்கி, விரல் நுனியில் வித்தையை வாழவைத்த வித்தகியே! சங்கிலித் தையலின் சாரமே! காம்புத் தையலின் கண்ணியமே! முடிச்சுத் தையலை முகம் சுளிக்காமல் பிரித்து, மீண்டும் முடிந்து, முடிந்ததையும் பிரித்துக் காட்டிய பொறுமைப் பெருங்கடலே! எங்கள் எழுத்தில் இருந்த பிழையை இழையில் தைத்து எங்கள் மேசைக்கே கொண்டுவந்து போட்ட ஈவிரக்கமில்லாத இனியவளே! வணக்கம்.

இதே பாணியில் இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அதையெல்லாம் வாசிக்க எனக்கு வாய் வராது என்று கிழித்துப் போட்டுவிட்டேன். செய்முறைத் தாள் எழுதுகிறவள் என்ற ஒரே காரணத்துக்காக இந்த மடலையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மகிழ்ச்சியோடு எழுதியிருக்க வேண்டிய மடல். அப்படி எழுத முடியவில்லை, அக்கா.

அவையில் உங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே கைப்பூவேலை கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நாங்கள் மாதாமாதம் ஒரு பெட்டி அனுப்புகிறோம். படம் வரைந்த துணி, நூல்கள், ஊசி, வளையம், செய்முறைத் தாள், கூடவே பார்த்துத் தைக்க ஒரு வீடியோ. எந்தப் பெட்டியும் வெளியே போகும் முன் அதைத் திறந்து தைத்துப் பார்க்கும் முதல் மாணவி நீங்கள். எல்லாம் தெரிந்த நீங்கள் ஒன்றுமே தெரியாதவராக உட்கார்ந்து, தாளில் உள்ளதை மட்டும் செய்வீர்கள். தாளில் இல்லாததைக் காலில் விழுந்து கேட்டாலும் செய்ய மாட்டீர்கள்.

நான் சேர்ந்த புதிதில், சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைக் குத்தி நிறுத்தச் சொல்லி எழுத மறந்துவிட்டேன். நீங்கள் நிறுத்தவில்லை. பெரிய கொடி ஒன்றை முழுவதும் தைத்து என் மேசையில் வைத்து, நூல் நுனியை என் கையில் கொடுத்து, "இழு" என்றீர்கள். இழுத்தேன். கொடி முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்று அழாத குறையாகக் கேட்டேன். "எனக்குத் தெரியும். உன் தாளுக்குத் தெரியலையே!" என்றீர்கள். அன்று உங்கள் மேல் வந்த கோபம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. அதன் பிறகு எந்த மாணவியின் கொடியும் உருவிக்கொண்டு வந்ததில்லை.

உங்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் உங்களுக்கே தெரியும். திருப்பு அக்கா. யார் எதைத் தைத்துக் கொண்டுவந்து நீட்டினாலும், முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் "திருப்பு" என்பீர்கள். "முன்பக்கம் விருந்தாளிக்கு. பின்பக்கம்தான் நமக்கு" என்பீர்கள். நிர்வாகி அம்மா புதுப் புடவை கட்டி வந்த நாளில் அவரையே திருப்பி முந்தானையின் உள்பக்கத்தைப் பார்த்த ஒரே ஆள் இந்தக் கூடத்தில் நீங்கள்தான்.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் உங்கள் ஊசி மெத்தையில், நிறம் நிறமாக நூல் கோத்த ஊசிகளைக் குத்தி மாமா கொடுத்தனுப்புவார். நாங்கள் விடுவோமா? "மாமாவையும் வேலைக்குச் சேத்துக்கலாம்க்கா", "இப்படி ஒரு வீட்டுக்காரர் எங்க கிடைப்பாரு, கடையைச் சொல்லுங்க" என்று ஓட்டித் தள்ளினோம். நீங்களும் சிரித்தீர்கள். ஊசிக் காது உங்களுக்குத் தெரியவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நூலை அளந்து, நிறம் பார்த்து, ஒவ்வொன்றாகக் கோத்த அந்த மனிதர் உள்ளே என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறோம்.

அப்புறம் அந்த வெள்ளை இலை.

தலையணை உறைப் பெட்டிக்காக வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஓர் இலைக்கொத்து தைத்துக் கொடுத்தீர்கள். நெருக்கமாக இழை நிரப்பிய இலைகள். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் புடைத்து, துணியிலிருந்து எழுந்து நின்றது. வீடியோ எடுப்பவர் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, நிழல் விழுது பாருங்க!" என்றார். நிர்வாகி அம்மா, "அக்கா சத்தமில்லாம புது உத்தி ஒண்ணு காட்டியிருக்காங்க" என்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை. அன்றே உட்கார்ந்து, அடியில் ஓர் அடுக்கு, அதன் மேல் அதே திசையில் இன்னோர் அடுக்கு என்று அழகழகாக எழுதி, 'எழும்பிலை' என்று பெயரும் சூட்டித் தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இலை புடைக்க வேண்டுமென்றால் அடி அடுக்கு குறுக்கே போக வேண்டும். இது எங்கள் முதல் பெட்டி வாங்கிய மாணவிக்கே தெரியும். ஒரே திசையில் இரண்டு அடுக்கு யாரும் தைப்பதில்லை. துணியைத் திருப்பியிருந்தால் முழு இலை ஒன்றின் மேல் முழு இலை ஒன்று கிடப்பது அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். உங்களிடம் இத்தனை காலம் வேலை பார்த்த நாங்கள், ஒருவர்கூடத் திருப்பவில்லை. நீங்கள் தைத்ததை ஏன் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தபோது, எழும்பிலைத் தாளை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன், பாராட்டுவீர்கள் என்று. நீங்கள் துணியை வாங்கித் திருப்பி, அந்த இலையை விரலால் தடவினீர்கள். வெகுநேரம் தடவினீர்கள்.

"உத்தி இல்லம்மா அது. அந்த இலையை இன்னும் தைக்கலன்னு நினைச்சுத் தைச்சேன்."

பெட்டி கட்டும் அண்ணன் ஒட்டிய நாடாக்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்கினார். "நேரா பாத்தா ஊசி மறைஞ்சுடுது. ஓரமா பாத்தாதான் வருது. இனி அதுவும் குறையும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னீர்கள். பிறகு மேல் அடுக்கை நீங்களே பிரிக்க உட்கார்ந்தீர்கள். கத்தரி நுனி துணியில் பட்டுவிட்டது. துணியைக் காயப்படுத்தி அறியாத கை அது! கத்தரியை மூடி மேசையில் வைத்தீர்கள். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை நகர்த்தி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அலுவலகத் தாளில் விருப்ப ஓய்வு என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய விருப்பம் என்று யாரைப் போய்க் கேட்பது? "தைக்காட்டி என்ன, வீடியோல பேசி சொல்லிக்குடுங்க" என்று நாங்கள் கெஞ்சியபோது, "நானே தைச்சுப் பாக்காததை எப்படிச் சொல்லிக்குடுப்பேன்? கையில ஊசி இல்லாம எப்படி உக்காந்திருக்கப் போறேன்னே தெரியலயே" என்றீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்று மாலையும் சால்வையுமாக மேடை போட்டிருக்கிறோம்.

நாளையும் நான் தாள் எழுதுவேன். அதில் பிழை இருக்கும். அந்தப் பிழையில் முதலில் மாட்டிக்கொள்ள நீங்கள் இருக்க மாட்டீர்கள். எங்கோ ஒரு வீட்டில் முதன்முதலாக ஊசி பிடிக்கும் ஒருத்தி மாட்டிக்கொள்வாள், தனக்குத்தான் கை வரவில்லை என்று வளையத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவாள். அவளுக்காகவும் சேர்த்தே அழுகிறேன்.

மடலின் முடிவில் நூறாண்டு வாழ்க என்று எழுதுவார்கள். எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஊசியில்லாத கைகளோடு அத்தனை ஆண்டா என்று பேனா நின்றுவிட்டது. வெறுங்கையோடு விடியும் காலைகளை நீங்கள் எப்படியாவது தாங்கிக்கொள்ள வேண்டும், மாமாவின் கை உங்கள் கையை விடாதிருக்க வேண்டும், உடலில் நோவு ஏதும் அண்டாதிருக்க வேண்டும். இவ்வளவுதான் எங்களால் வாழ்த்த முடிகிறது. குறைவாக இருந்தால் மன்னியுங்கள்.

இந்த மடலை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போடத்தான் முதலில் கொடுத்தோம். "கண்ணாடியைத் தடவினா அவங்களுக்குக் கண்ணாடிதானே கிடைக்கும்?" என்று கேட்டவர் பெட்டி கட்டும் அண்ணன். ஆகவே மடலை வாசித்ததோடு விட்டுவிடுகிறோம். சட்டத்துக்குள் இருப்பது ஒரு வெள்ளைத் துணி. கண்ணாடி இல்லை, பின்னால் அட்டையும் இல்லை. அதில் வெள்ளை நூலால் ஓர் இலை. நிர்வாகி அம்மாவும், வீடியோ எடுப்பவரும், ஊசியே பிடித்தறியாத அண்ணனும், நானும் மாறி மாறித் தைத்தோம். முழு இலை ஒன்று. அதன் மேல், அதே திசையில், இன்னொரு முழு இலை. முதல் இலை தைத்து முடிந்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அதன் மேல் தைத்தோம்.

திருப்பிப் பாருங்கள், அக்கா.

கலங்கிய கண்களோடு,
மாதிரி அறை, தாள் எழுதும் அறை, வீடியோ அறை, பெட்டி கட்டும் அறைத் தோழர்கள்