பதினாறு கட்டங்களில் இல்லாத பெண்

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவர்களுக்கு ஜூலை மாதம் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். மரபியல் அப்போதுதான் வரும். பின்வரிசையில் தூங்கி வழிகிற பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். தன் மூக்கு ஏன் இப்படி, அண்ணனுக்கு மட்டும் ஏன் சுருட்டை முடி என்று எல்லோருக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கேள்வி இருக்கும்.

நான் பட்டாணியில் தொடங்குவேன். விதையின் நிறம் ஒரு பண்பு, வடிவம் இன்னொன்று. அம்மா தரக்கூடிய நான்கு சேர்க்கைகளை மேலே எழுதி, அப்பா தரக்கூடிய நான்கைப் பக்கவாட்டில் எழுதினால் நடுவே பதினாறு கட்டங்கள். அந்த ஜோடிக்குப் பிறக்கக்கூடிய எல்லா வகையும் அதற்குள் அடங்கிவிடும். கட்டத்தில் இல்லாதது பிறக்காது. தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் வருடா வருடம் இதை ஒரே மாதிரிதான் சொல்லிக்கொடுத்தேன்.

சத்யநாராயணனை உங்களுக்குத் தெரியும், பெண்ணைப் பறிகொடுத்தவர். எனக்கு அவரை வெகு காலம் முன்பே தெரியும். என் தங்கை ஸ்ம்ருதிக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. அப்போது எனக்குக் கழுத்திலும் வாயோரத்திலும் வெண்புள்ளி தொடங்கியிருந்தது. பத்திரிகை அடித்தபின் ஒருநாள் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை அவர் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்று அப்பாவிடம் சொன்னார். "ஸ்ம்ருதிகிட்ட ஒரு குறையும் இல்ல. ஆனா அக்காவுக்கு இருக்கே. ஜெனடிக்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல? நாளைக்கு என் குழந்தைங்க முகத்துல வந்தா யார் பொறுப்பு?"

என்னைப் பற்றித்தான் பேசினார், என்னைப் பார்க்காமல். நான் அப்போதே எம்.எஸ்ஸி. முடித்தவள். அது அப்படி நேராக இறங்கி வருகிற விஷயமில்லை என்று விளக்கியிருக்கலாம். பேசினால் எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

கல்யாணம் நின்றது. ஸ்ம்ருதிக்குச் சீக்கிரமே வேறு இடம் அமைந்தது. வண்டலூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். என்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. அது ஒரு விஷயமில்லை. நான் தங்கையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வருடங்கள் போகப் போகப் புள்ளிகள் பரவி, ஒன்றோடொன்று சேர்ந்து, என் முகம் முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. தெரியாதவர்கள் நல்ல சிவப்பு என்று நினைப்பார்கள். போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் சத்யநாராயணன் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சின்மயியோட அப்பா, மேடம். உங்க பாடம்னா உயிரை விடறா."

பக்கத்தில் அவர் மனைவி ரோஹிணி சிரித்தாள். நாகலக்ஷ்மி என்ற என் பெயர் மேஜைமேல் பலகையில் இருந்தது. அவருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை.

சின்மயி நல்ல பெண். கெட்டிக்காரி. ரத்தத்தைப் பார்த்தால் மட்டும் ஆகாது. ரத்த வகை பார்க்கும் செய்முறை வகுப்பில், ஊசி குத்தும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு; ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து விட்டேன். எந்தச் சொட்டும் திரளவில்லை. ஓ நெகட்டிவ். அதுவரை அவளுக்கு யாரும் பார்த்து வைத்திருக்கவில்லை. அடையாள அட்டையில் அந்த இடம் காலி. அவள் பெற்றோரின் வகை எனக்குத் தெரியும். பள்ளியில் நான் நடத்திய ரத்ததான முகாமில் இருவரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அம்மா ஏ பாசிட்டிவ், அப்பா ஓ பாசிட்டிவ். கட்டம் போட்டால், பதினாறில் இரண்டு அவளுக்கு உரியவை.

தகட்டைக் கழுவி வைத்துவிட்டு, "பி நெகட்டிவ்," என்றேன். அட்டையில் காலியாக இருந்த இடத்தில் அதையே எழுதிக்கொண்டாள். நெகட்டிவை நான் மாற்றவில்லை. பாதி உண்மைதான்.

அன்றைய வீட்டுப்பாடம், பெற்றோரின் ரத்த வகையை வைத்துக் கட்டம் போட்டு, அதில் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது. ரத்தக் குழு ஒரு மரபணு, பாசிட்டிவா நெகட்டிவா என்பது இன்னொன்று. வகுப்பு முழுவதற்கும்தான் கொடுத்தேன். யாரையும் தனியாகப் பிரித்து நடத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் மணி அடித்தும் சின்மயி போகவில்லை.

"மிஸ், என் கட்டமே வரல. ஏ வருது, ஓ வருது. பி எங்கேர்ந்து வரும்?"

"சரியாத்தானே போட்டிருக்கே. அப்பாகிட்ட காமிச்சியா?"

"இல்ல மிஸ்."

"காமி. இன்ஜினியராச்சே, அவருக்குப் புரியும்."

அந்த வாரமே அவர் தனியாக வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"டெஸ்ட்ல தப்பு வர சான்ஸ் இருக்கா மேடம்?"

"ரெண்டு தடவை பார்த்தேன் சார்."

"அப்ப இவ..." என்று நிறுத்தினார்.

"ஜெனடிக்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல சார்," என்றேன். அப்போதாவது என்னை அடையாளம் தெரியும் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

தெருமுனை லேபில் ஒருமுறை பார்த்திருந்தால் என் பொய் அன்றே உடைந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. ரோஹிணியைக் கோவிலம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார். மகளோடு பேசுவதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் ஆய்வகத்தில் சின்மயி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அப்பா என் முகத்தையே பாக்கறதில்ல மிஸ்."

தண்ணீர் கொடுத்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு வகுப்புக்கு அனுப்பினேன்.

அம்மாவிடமே போய்விடுவதென்று துணிப்பையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பியவளை மேடவாக்கம் சாலையில் தண்ணீர் லாரி இடித்தது. அடையாள அட்டையைப் பார்த்து, பி நெகட்டிவ் அவசரம் என்று அவள் தோழிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முகம் தெரியாத நல்லவர்கள் வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உள்ளே சோதித்தவர்கள் ஓ நெகட்டிவ் என்றார்கள். கையிருப்பில் கொஞ்சம்தான் இருந்தது. வந்து நின்றவர்களின் ரத்தம் அவளுக்குச் சேராது. மறுபடி ஆள் தேடிப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ரத்தம் கேட்ட அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கும் வந்தது, மேடம். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தப்பான வகை என்று எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதித் தாள்களையும் திருத்தினேன். ஆகவே வகையைத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன், அவள் உயிருக்குப் போராடியபோதும் தெரிந்தே சும்மா இருந்தேன். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

நேற்று ஸ்ம்ருதி இங்கே வந்திருந்தாள். அந்த பெஞ்சில் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

"எனக்காகன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதக்கா. அந்த ஆளோட முகம்கூட எனக்கு ஞாபகமில்ல. அந்தக் கல்யாணம் நின்னுதேன்னு அன்னிக்கே சந்தோஷப்பட்டவ நான். உனக்குத் தெரியாதா?"

சின்ன வயதிலிருந்தே அவள் இப்படித்தான். மனசில் இருப்பதை வெளியே சொல்லமாட்டாள். தங்கைக்காகச் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.