மாட்டாத பலகை

லிஃப்டில் ஏறுமுன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுபவர்களை எனக்குப் பிடிக்கும், ஐயா. பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பார்க்கவே மாட்டார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். உலகம் உண்டான அன்றே எல்லாம் முடிவாகிவிட்டது, இனி நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சிதான் என்பார். சாலையைக் கடக்கும்போதுகூடத் தலையைத் திருப்புவதில்லை. ஒரு வாரம் தங்க வந்தவர், பன்னிரண்டு வருடமாகிறது. என் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தார். என் பங்குக் கோழியைத் தின்றார். "நான் என்ன பண்றது மாப்பிள்ளை? இது எப்பவோ முடிவானது," என்றார், எலும்பைக் கடித்துக்கொண்டே.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாளை நடப்பது நம் கையில் இருக்கிறது. அதை அவருக்குப் புரியவைக்க ஆசைப்பட்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் கட்டடத்திலேயே வேலை. லிஃப்ட் பெட்டியை மேலே நிறுத்திவிட்டு, நாங்கள் குடியிருக்கும் முதல் மாடியில் கதவைத் திறந்தேன். திறந்தால் உடனே 'வேலை நடக்கிறது' பலகையைக் குறுக்கே மாட்ட வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். பலகை என் கையில் இருந்தது. பத்து மணிக்கு மச்சான் பேப்பர் வாங்க இறங்குவார். மாட்டலாம், மாட்டாமலும் இருக்கலாம். கால் மணி நேரம் நிதானமாக யோசித்தேன். பிறகு பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். டீ நன்றாக இருந்தது.

அவர் வழக்கம்போலப் பார்க்காமல் காலை வைத்தார். நேரே அடிக்குழி. இரண்டு காலும் ஒடிந்தன, உயிர் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "மாப்பிள்ளை மேல தப்பே இல்ல சார். அவரு பலகை மாட்ட மாட்டாருன்னு எப்பவோ முடிவானது. பாவம், அவரால என்ன பண்ண முடியும்?"

விபத்து என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது என் கட்டிலில் படுத்திருக்கிறார். ஆறு மாதம் அசையக்கூடாதாம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எனக்காகப் பரிந்து பேசுகிறார்.

அதனால்தான் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் தூண்டவில்லை. நானே யோசித்து, நானே முடிவெடுத்து, அவர் சாகட்டும் என்றுதான் பலகையை மாட்டவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தப் பேச்சைக் கேட்டவன் வேறு என்னதான் செய்திருக்க முடியும், சொல்லுங்கள்.