நூற்றுக்கு முப்பது

அண்ணி: எட்டு போதும்.

பாப்பா: எட்டா? நூத்துக்கு எட்டுன்னா கேட்டுல நிக்கிற வாட்ச்மேன்கூட திரும்பிப் பார்க்க மாட்டாரு அண்ணி. முப்பது.

அண்ணி: முப்பதா... அப்புறம் நானும் உங்க அண்ணனும் காத்தைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கணுமா?

பாப்பா: எங்க அண்ணனுக்குத் தனியா சம்பளம் வருது. அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க?

அண்ணி: மெதுவாப் பேசு. உள்ளதான் ஷேவ் பண்ணிட்டு இருக்காரு.

பாப்பா: அவர் கிளம்பி அரை மணி நேரம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனாரு?

அண்ணி: ஆங்... சொன்னாரு. ஆமா, சொன்னாரு.

பாப்பா: என்ன ஆச்சு உங்களுக்கு? டீயும் அப்படியே ஆறிப் போய்க் கிடக்கு.

அண்ணி: ஒண்ணுமில்ல. பதினோரு மணிக்கு அந்தக் கூட்டம் இருக்குல்ல, அதையே நெனச்சிட்டு இருந்தேன்.

பாப்பா: கம்ப்யூட்டர்ல பன்னெண்டு முகம். அவ்வளவுதான். யாரும் திரைக்குள்ள இருந்து கையை நீட்டிக் கிள்ள மாட்டாங்க.

அண்ணி: யாரு அந்தப் பன்னெண்டு பேரு? கேட்டா சிரிக்கிற.

பாப்பா: ஆள் அனுப்புறவங்க. பேச்சு திக்குறவங்க யாராவது அவங்க கண்ணுல பட்டா நம்ம வகுப்புக்கு அனுப்புவாங்க. அந்த ஆள் சேர்ந்தா அவங்களுக்குக் கமிஷன். இதுக்கு மேல என்ன தெரியணும்?

அண்ணி: காது மூக்கு தொண்டை டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல இருக்குமே, அந்தப் பொண்ணா?

பாப்பா: அவகிட்டயும் பேசினேன்... முதல்ல ரேட்டைச் சொல்லுங்க. நான் டைப் பண்ணணும்.

அண்ணி: பத்து.

பாப்பா: ரெண்டு ஏறிடுச்சு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முப்பதுக்கு வந்துடுவீங்க.

அண்ணி: விளையாடாத. மத்தவங்க பாதிகூடக் கமிஷன் குடுக்குறாங்கன்னு எங்கேயோ பார்த்துட்டு வந்து சொன்னியே, அவங்க விக்கிறது வீடியோ. ஒரு தடவை எடுத்து வெச்சாச்சு. நூறு பேர் வாங்கினாலும் ஆயிரம் பேர் வாங்கினாலும் எடுத்தவன் கால் நீட்டித் தூங்கலாம். எனக்கு அப்படியா? ஒரு ஆள் கூடினா, வாரத்துக்கு அரை மணி நேரம் நான் தனியா உட்கார்ந்து பேசணும். மூணு மாசம். இது சரக்கு இல்லடி, என் தொண்டை.

பாப்பா: அதனாலதான் பாதின்னு சொல்லாம முப்பதுன்னு சொன்னேன். கணக்கும் பார்த்துட்டேன். முதல் மூணு மாசத்துக்கு மட்டும்தான் கமிஷன். அதுக்கப்புறம் அந்த ஆள் தொடர்ந்து படிச்சா முழுசும் நமக்கு.

அண்ணி: நடுவுல விட்டுட்டு ஓடிட்டா?

பாப்பா: சேரும்போது பாதிக் கமிஷன். ஒரு மாசம் தாண்டினா மீதி.

அண்ணி: மூணு மாசமும் முடிச்சாத்தான் குடுக்கணும். மொத்தமும்.

பாப்பா: அதுவரைக்கும் யாரு காத்திருப்பாங்க? எதுக்கு ஆள் சொன்னோம்னே மறந்து போயிடும்.

அண்ணி: காத்திருக்க முடியாதவங்க வர வேணாம்.

பாப்பா: சரி, படிப்படியா வெச்சுக்கலாமா? முதல் ஆளுக்குப் பத்து. அஞ்சு பேரைத் தாண்டினா முப்பது.

அண்ணி: அப்ப அந்த ஆறாவது ஆளுக்காக யாரைப் பிடிச்சாவது உள்ள தள்ளுவாங்க. சும்மா வேகமாப் பேசுற பிள்ளையைக்கூடத் திக்குதுன்னு சொல்லி இழுத்துட்டு வருவாங்க. வேணாம்.

பாப்பா: எதைச் சொன்னாலும் வேணாம். சின்ன வயசுல எங்க அண்ணன் மருந்து ஸ்பூனைப் பார்த்தா இப்படித்தான் பண்ணுவாராம்.

அண்ணி: நீ மட்டும் என்ன, முப்பது வயசாச்சு, இன்னும் வீடே பாப்பான்னு கூப்பிடுது. ஆமா, அந்த அம்மா வர்றாங்களா? குழந்தை வளர்ப்பைப் பத்தி வீடியோ போடுவாங்களே?

பாப்பா: இல்ல. அவங்க வேணாம்னுட்டேன்.

அண்ணி: நீதானே அவங்க பின்னாடி அலைஞ்ச?

பாப்பா: நாப்பது கேட்டாங்க. பேசி முடிக்கிறதுக்குள்ளயே, 'முப்பது நாள்ல திக்கல் போயிடும், சேர்றதுக்கு இந்த லிங்க்கைத் தொடுங்க'ன்னு போட்டுட்டாங்க. எடுக்கச் சொன்னேன். அப்படிப் போடலேன்னா எவன் சேருவான்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

அண்ணி: ஐயோ... எவ்வளவு நேரம் இருந்துச்சு?

பாப்பா: ஒரு நாள். அப்புறம் சண்டை போட்டு எடுக்க வெச்சேன்.

அண்ணி: பார்த்தியா, இதைத்தான் சொல்றேன். ரேட் ஏற ஏற வாய் நீளும். அதை நம்பி ஒருத்தி வந்து சேர்ந்தா, முப்பத்தோராவது நாள் என் மூஞ்சியைப் பார்த்து என்ன கேப்பா? 'மேடம், இன்னும் இருக்கே'ம்பா. நான் என்ன... நான் என்ன சொல்லுவேன்?

பாப்பா: எப்பவும் சொல்றதைச் சொல்லுங்க. முழுசாப் போகணும்னு இல்ல, அதோட பேசப் பழகலாம்னு.

அண்ணி: பழகலாம்... ம்.

பாப்பா: குணமாகும்னு யாராவது விளம்பரம் பண்ணா கமிஷன் கிடையாதுன்னு எழுதிடுறேன். சரியா? இப்பவாவது ரேட்டைச் சொல்லுங்க.

அண்ணி: பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. மாசத்துக்கு நாலு பேருக்கு மேல சேர்க்கவும் கூடாது.

பாப்பா: நாலா? காலையில பூரா நேரம் காலியாக் கிடக்கு. ஜன்னல் கம்பியை எண்ணிட்டு உட்கார்ந்திருக்கீங்க.

அண்ணி: அப்ப மூணு.

பாப்பா: ஏலம் கீழ நோக்கிப் போகுது. ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கக் கூடாது.

அண்ணி: கோவம் வர்ற மாதிரி கேட்டா கோச்சுப்பேன்.

பாப்பா: ஆளே வந்துடக் கூடாதுன்னுதான் இந்த ரேட் சொல்றீங்களா?

அண்ணி: லூசு மாதிரி பேசாத.

பாப்பா: கடையைத் திறந்து வெச்சிட்டு வாசல்ல நின்னு விரட்டுற மாதிரி இருக்கு.

அண்ணி: இந்த வீட்டுக்கு வாடகை கட்டணும்னு எனக்குத் தெரியாதா? நீ வேற இருந்த வேலையை விட்டுட்டு என்னை நம்பி வந்து உட்கார்ந்திருக்க. அந்தப் பயமே எனக்குப் போதும்...

பாப்பா: அப்ப வேற ஒரு பயமும் இருக்கு.

அண்ணி: ஜன்னலைச் சாத்து. ஒரே வண்டிச் சத்தம்.

பாப்பா: சாத்தித்தான் இருக்கு.

அண்ணி: அப்ப ஃபேனை...

பாப்பா: போன வியாழக்கிழமை வகுப்பைப் பாதியில முடிச்சிட்டீங்க. நெட் போச்சுன்னு சொன்னீங்க. நான் பக்கத்து ரூம்ல அதே நெட்ல படம் பார்த்துட்டு இருந்தேன்.

அண்ணி: வேலை நேரத்துல படம் பார்க்கிறியா நீ?

பாப்பா: பேச்சை மாத்தாதீங்க. நாளைக்கு வகுப்பும் வேணாம், லீவுன்னு சொல்லிடுன்னுட்டீங்க. எதுக்குன்னு கேட்டா தலைவலின்னீங்க. நாளைக்கு வரப்போற தலைவலி இன்னைக்கே எப்படித் தெரியும்?

அண்ணி: மு... மு... இரு.

பாப்பா: இருக்கேன்.

அண்ணி: அவசரப்படுத்தாத.

பாப்பா: நான் வாயே திறக்கல.

அண்ணி: மு... முந்தாநாள் பேங்க்குக்குப் போனேன். கவுன்ட்டர்ல பேர் கேட்டாங்க. என் பேருதான். எத்தனையோ வருஷமா தடங்கல் இல்லாமச் சொல்ற பேரு. வாய் திறந்திருக்கு, சத்தம் வரல. அந்தப் பொண்ணு பாவம், பேனாவை நீட்டுது, எழுதிக் குடுத்துடுங்க மேடம்னு. பின்னாடி நின்னவன் சிரிச்சான். நான் பணம் எடுக்காமலே வந்துட்டேன்.

பாப்பா: அதுதான் முதல் தடவையா?

அண்ணி: இல்ல. வியாழக்கிழமை வகுப்புலதான் முதல்ல வந்துச்சு. மூச்சை மெதுவா விடுங்கன்னு சொல்லணும். தினமும் சொல்றதுதான். அந்த 'மூச்சு'லயே நின்னு போச்சு. அத்தனை முகமும் என்னையே பார்க்குது. கழுத்து நரம்பெல்லாம் இழுக்குது. எவ்வளவு நேரம்னு தெரியல... எப்படியோ சொல்லி முடிச்சேன். அந்தப் பயிற்சியை முடிச்சிட்டு, நெட் போச்சுன்னு மூடிட்டேன். பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தனியா இருந்தா நல்லா வருது.

பாப்பா: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: அவர்கிட்ட பேசும்போது நிக்கிறதில்ல. கடகடன்னு பேசிட்டே, எனக்குப் பேச்சு நிக்குதுங்கன்னு சொன்னா, சும்மா இரும்பாரு.

பாப்பா: வியாழக்கிழமையில இருந்து இதை மனசுல வெச்சுக்கிட்டா ரேட் பேசிட்டு இருக்கீங்க?

அண்ணி: நம்ம வெப்சைட்ல முதல் வரி என்ன போட்டிருக்க? 'நானும் ஒரு காலத்தில் திக்கியவள்தான்'. ஒரு காலத்தில். முடிஞ்சு போன கதை மாதிரி. அதைப் பார்த்துத்தானே எல்லாரும் வர்றாங்க. அது இப்ப பொய்யாப் போச்சு. நீ முப்பது குடுத்து ஊரையே கூட்டிட்டு வந்து என் முன்னாடி உட்கார வெச்சா, வர்றவங்க அத்தனை பேரும் பார்ப்பாங்க. எட்டு குடுத்தா யாரும் வர மாட்டாங்க. இருக்கிறவங்களை எப்படியாவது முடிச்சு அனுப்பிட்டு, சத்தமில்லாம மூடிடலாம்னு...

பாப்பா: என்கிட்ட சொல்லாமலா?

அண்ணி: உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? நீ வேலையை விட்டப்போ, நான் பார்த்துக்கிறேன்னு சொன்னதே நான்தான். விடு. இப்பத்தான் தெரிஞ்சிடுச்சுல்ல. கூட்டத்தை நிறுத்து. எனக்கு ஜுரம்னு சொல்லிடு.

பாப்பா: முடியாது.

அண்ணி: சொன்னாக் கேளு. வியாபாரம் பண்றவங்க. நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவாங்க. திக்குறவகிட்ட போயா திக்கலுக்கு ஆள் அனுப்பறதுன்னு எழுந்து போயிடுவாங்க.

பாப்பா: போக மாட்டாங்க. முப்பது குடுக்கணும் அண்ணி.

அண்ணி: நான் என்ன சொல்லிட்டு இருக்கேன், நீ இன்னும் முப்பதுலயே நிக்கிற? அப்படி என்ன பெரிய மனுஷங்க அவங்க? ஒரு லிங்க்கைத் தட்டி விடறதுக்கா இவ்வளவு?

பாப்பா: பெரிய மனுஷங்க யாரும் வரல அண்ணி. கிளினிக் பொண்ணு முடியாதுன்னுட்டா. ஸ்கூல்காரங்க போனையே எடுக்கல. உங்ககிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு நான் மறைச்சிட்டேன். பதினோரு மணிக்கு வர்றது உங்க வியாழக்கிழமை வகுப்புதான்... கூரியர்காரர், லேப்ல வேலை பார்க்கிற பொண்ணு, அந்த ஜூனியர் வக்கீல், அத்தனை பேரும். அன்னைக்கு நீங்க மூடினதுமே ஒவ்வொருத்தரா என்னைக் கூப்பிட்டாங்க. மெசேஜ் இல்ல அண்ணி, போன்... போன்ல பேசணும்னாலே பயப்படுறவங்க. 'டீச்சருக்கும் நின்னுச்சு, ஆனா வார்த்தையை மாத்தாம, விடாம அதையே சொல்லி முடிச்சாங்க. எங்களை மாதிரி இருக்கிறவங்களை நாங்க கூட்டிட்டு வரட்டுமா'ன்னு கேட்டாங்க. நீங்களா என்கிட்ட சொல்லட்டும்னுதான் இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்தேன். அவங்க கமிஷனே வேணாம்னாங்க, நான்தான் விடல. லிங்க்கைத் தட்டி விடப் போறதில்ல அவங்க. முன்பின் தெரியாத ஒருத்தர் முன்னாடி போய் நின்னு, எனக்குத் திக்கும்னு வாயைத் திறந்து சொல்லப் போறாங்க... அதுக்கு என்ன விலை போடறதுன்னு எனக்குத் தெரியல. முப்பதுன்னு போட்டு நேத்தே அனுப்பிட்டேன்.