ஊசிப்புல்லும் குகை வவ்வாலும்

அக்கா: ...அப்போ ஒரே கண்ணாடிப் பெட்டியில என் புல்லு, உன் வவ்வாலு. மேல என்னன்னு எழுத?

தம்பி: "செத்த மாதிரி கிடப்பவை"ன்னு எழுது.

அக்கா: இந்த மியூசியத்துலயே என் ஊசிப்புல்லு மாதிரி வருமாடா? காஞ்சு சருகாகி எத்தனை வருஷமாச்சு! ஒரு சொட்டுத் தண்ணி பட்டா போதும், ஊசி தானா முறுக்கித் திரும்பும். இந்தா, டம்ளர்லேருந்து...

தம்பி: வேணாம்.

அக்கா: ஒரு சொட்டுதான்டா...

தம்பி: வேணாம்னா விடேன்! எத்தனை தடவ இதையே காட்டுவ?

அக்கா: அடேங்கப்பா, வவ்வால் துரைக்குக் கோவத்தப் பாரு! சரி, உன் ஆளு என்ன பண்ணுவாரு?

தம்பி: குளிர் வந்தா சில்லுன்னு கிடக்கும். மூச்சே தெரியாது. கொஞ்சம் சூடு பட்டா... முழிச்சுக்கும்.

அக்கா: ம்...

தம்பி: என்ன ம்?

அக்கா: குளிர்காலத்துல ஒண்ணு எடுத்துட்டு வந்தியே, செத்துப் போச்சுன்னு. நான் புல்லு காயவைக்கிற சூட்டு அலமாரியில வச்சியே...

தம்பி: ஆமா. அதுக்கென்ன இப்போ?

அக்கா: மறுநாள் கதவத் திறந்தேன். என் மூஞ்சிக்கு நேரா பறந்து வந்துச்சுடா. ஜன்னல் வழியா போயே போச்சு.

தம்பி: ...சொல்லவே இல்ல.

அக்கா: வவ்வால் பாக்குறவனுக்கே உசுரு இருக்கா இல்லையான்னு தெரியலன்னு எல்லாரும் உன்னை ஓட்டுவாங்களேன்னு வாய மூடிட்டேன். அப்புறம்... அன்னைக்கு உன் விரல்ல ரத்தம்.

தம்பி: அதான் சொன்னேனே. உன் புல்லு குத்திருச்சு.

அக்கா: நான்தானே துணி சுத்துனேன். புல்லு குத்துனா ஊசி சதையிலயே முறிஞ்சு நிக்கும். உன் விரல்ல ஊசி இல்ல. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை.

தம்பி: நீ பெட்டிக்குப் பேர எழுது.

அக்கா: டேய், என்னைப் பாரு. கடிச்சுதா?

தம்பி: ...அலமாரித் தட்டுல வைக்கும்போது. லேசாத்தான். பயந்து கதவ மூடிட்டேன்.

அக்கா: ஐயோ, வெறிநாய்க் கடிக்குப் போடுற தடுப்பூசி போட்டியா?

தம்பி: என்னன்னு போய்ச் சொல்ல? செத்த வவ்வாலு கடிச்சிருச்சுன்னா?

அக்கா: பாவி! எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு... இந்தா, முதல்ல ஒரு வாய் தண்ணி குடி.

தம்பி: அக்கா...

அக்கா: குடிடா!

தம்பி: அத மூடி வை அக்கா... நேத்துலேருந்து தண்ணியப் பாத்தாலே தொண்டை முறுக்குது.