தெருவிலிருந்து தெரிவது

மழை பிடிப்பதற்குள் வந்துவிட்டீர்கள், நல்லது. காலணியைக் கழற்ற வேண்டாம், மிதியடியில் துடைத்துக்கொண்டால் போதும். அந்த நாற்காலியைச் சன்னல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்காருங்கள், அதிகாரி மெடீரோஸ். முறைப்படி நான்தான் காவல் நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பிப்ரவரியில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து முன்வாசலின் மூன்று கருங்கல் படிகளை என்னால் இறங்க முடியவில்லை. இந்தச் சக்கர நாற்காலி கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும், சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும். இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள்.

பெயர் பிரூடன்ஸ் தாக்ஸ்டர். வயது எழுபத்தெட்டு. இந்த ஊரின் பழம்பகுதி வீட்டுக் குழுவுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் தலைவியாக இருந்தேன். நீங்கள் புதுக் குடியிருப்புப் பக்கம் இருப்பவர் என்பதால் எங்களோடு உங்களுக்கு வேலை வந்திருக்காது. ஆங்கர் தெருவில் ஒருவர் வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், நாங்கள் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் பொதுவழியில் நின்று பார்த்தால் கண்ணில் படுகிற எதையும், கதவு, சன்னல், கைப்பிடி, சாயம் எதுவானாலும், எங்களிடம் விண்ணப்பித்துச் சான்று வாங்காமல் மாற்றக் கூடாது. பிளாஸ்டிக் சன்னல் வைக்க வந்தவர்களை எல்லாம் நான் கண்ணீரோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணீர் அவர்களுடையது.

எதிர் வீட்டைப் பாருங்கள். இந்தச் சன்னலிலிருந்து நேரே தெரிகிறதே, வெள்ளைப் பலகைச் சுவர், கறுப்புக் கதவு, கதவுக்கு மேல் விசிறிபோல விரிந்த கண்ணாடி. ஒரு கப்பல் தலைவர் கட்டிய வீடு. அதன் முகப்பில் இருநூறு ஆண்டுகளாக யாரும் கை வைத்ததில்லை. இந்தத் தெருவில் அதைவிட ஒழுங்கான முகப்பு இல்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதில் குடியிருப்பவர் ஆல்டன் ஸ்ப்ரேக். படகுத்துறையில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். அவர் மனைவி மாவிஸை மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல். எதைக் கேட்டாலும் "சரி" என்பாள். பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி.

அந்தச் செப்டம்பரில் ஆல்டன், அவளுடைய சக்கர நாற்காலி ஏறி இறங்க முன்வாசலில் ஒரு மரச் சாய்தளம் கட்ட விண்ணப்பித்தார். பின்பக்கம் கட்டலாமே என்று நான் கேட்டேன். பின்பக்கம் கடல் தடுப்புச் சுவர், அங்கிருந்து தெருவுக்கு வழியில்லை என்றார். அது எனக்கும் தெரியும். கேட்டுக் குறிப்பில் ஏற்ற வேண்டியது என் கடமை.

"அவளுக்கு வெயில்ல உக்காந்து நாலு பேரைப் பாக்கணும், பிரூடன்ஸ். வீட்டுக்குள்ளயே கெடந்து கெடந்து சுவத்தையே பாத்துட்டிருக்கா," என்றார் ஆல்டன். தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

நான் மறுக்கவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தச் சாய்தளத்தை நான் ஒரு முறைகூட மறுக்கவில்லை, ஒத்திவைத்தேன். ஒரு மாதம் பக்கவாட்டு வரைபடம் இல்லை. அடுத்த மாதம் கைப்பிடிக் கம்பியின் பருமன் எழுதவில்லை. அதற்கடுத்த மாதம் மரத்தின் மாதிரித் துண்டு கொண்டுவரவில்லை. எல்லாம் விதியில் இருப்பவைதான்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. விண்ணப்பம் கொடுத்த அறுபது நாளுக்குள் குழு முடிவு சொல்லாவிட்டால், அது தானாகவே அனுமதிக்கப்பட்டதாகிவிடும். அதைத் தவிர்க்க, கூட்டம் முடியும்போது ஒரு தாளை நீட்டுவோம். 'கால நீட்டிப்புக்குச் சம்மதிக்கிறேன்' என்று ஒரே வரி. கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் இந்த ஊரில் அக்கம்பக்கத்தார் பேனாவை நீட்டினால் வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவர்கூட மறுத்ததில்லை. ஆல்டன் எட்டு முறை போட்டார், ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொல்லிவிட்டு. மாவிஸைக் கூட்டி வந்த நாட்களில் அவளிடமும் கேட்பேன், வீடு இருவர் பெயரிலும் இருந்தது. "சரி" என்பாள். இருவரும் சம்மதித்தனர் என்று குறிப்பில் எழுதினேன்.

குழுவில் கில் ஃபுர்டாடோ என்று ஒருவர், கூரை வேய்பவர். அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க பிரூடன்ஸ், ஒரு சாய்தளத்துக்கு எத்தனை படம்தான் கேப்பீங்க? நான் முழுக் கூரையையே ஒரு படத்துல மாத்திடுவேன்."

"அதனாலதான் கில், நீங்க மாத்துன கூரையெல்லாம் ஒழுகுது," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்டனும் சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வசந்தத்தில் ஆல்டன் வேறு வழி கண்டுபிடித்தார். சக்கரம் ஓடுகிற அகலத்தில் இரண்டு நீள அலுமினியப் பலகைகள் வாங்கி வந்தார். மேல் முனையில் கொக்கி இருக்கும். அதை வாசல்நிலையில் மாட்டி, மறுமுனையைப் படிக்குக் கீழே நடைபாதையில் இறக்கினால் போதும். நிரந்தரமாகப் பொருத்தாத பொருள் எங்கள் வரம்புக்குள் வராது. விதிப்புத்தகத்தை மூன்று முறை புரட்டினேன், உண்மையிலேயே வராது. அவர் தினமும் காலை ஒன்பது மணிக்கு அதைப் போடுவார். பத்து மணிக்கு மாவிஸ் வெளியே வருவாள். அவள் வருகிற விதமே தனி. ஒரு கையும் ஒரு காலும்தான் வேலை செய்தன என்பதால் நல்ல காலைத் தரையில் உந்தி உந்திப் பின்பக்கமாகத்தான் நாற்காலியை ஓட்டுவாள். கூடத்தின் முழு நீளத்தையும் அப்படியே கடந்து, கதவையும் தாண்டி, முதுகைத் தெருவுக்குக் காட்டியபடி இறங்குவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். பலகை அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சன்னலுக்கு வெளியே தினமும் அந்த இரண்டு வெள்ளித் துண்டுகள் வெயிலில் பளபளக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் அப்போது நான் உட்காருவேன், அதன் இடத்தை மாற்றிப் பார்த்தேன், திரைச்சீலை போட்டும் பார்த்தேன். என் வீட்டுக்குள்ளேயே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரிதாபப்பட வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, ஜூன் மாதம், வியாழக்கிழமை. ஊரின் பழைய வீடுகளை வெளியூரார் சுற்றிப் பார்க்க வரும் நாளுக்கான கையேட்டுக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். அட்டைக்கு எதிர் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். ஆல்டன் பலகைகளைப் போட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டார். நான் போய் அவற்றைக் கழற்றி எடுத்து வந்து என் வண்டிக் கொட்டகையில் வைத்தேன். ஒன்றும் கனமில்லை. புகைப்படக்காரர் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பப் போட எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

நான் தேநீர் போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். வெயில் முகப்பின் மேல் சரியான கோணத்தில் விழுந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீடு அதுவாக இருந்தது. இன்னும் சற்று நேரம் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் கதவு உள்பக்கமாகத் திறந்தது, கூடத்தின் கோடியிலிருந்தே அவள் இழுத்துத் திறக்க ஆல்டன் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தார். கூடத்தின் மறுகோடியில் அவள் முதுகு தெரிந்தது. அவள் வாசலுக்கு வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். உந்துவாள், நிற்பாள், மறுபடி உந்துவாள். இந்தச் சன்னல் திறந்துதான் இருந்தது. தெரு இருபதடி அகலம், சாதாரணக் குரலில் பேசினாலே கேட்கும்.

தெருவில் கூச்சல் போடுவது எனக்குப் பழக்கமில்லை.

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஓடவில்லை. பலகைகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தபோது அவள் நடைபாதையில் கிடந்தாள், நாற்காலி அவள் மேல் கிடந்தது. கண் திறந்திருந்தது. நான் முதலில் பலகைகளை மாட்டினேன். கொக்கி சரியாக உட்கார இரண்டு முறை தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்கும் தெரிய வேண்டாம் மாவிஸ், அதான் நல்லது," என்றேன். "சரி," என்றாள். அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பதினோராம் நாள் மருத்துவமனையில் இறந்தாள்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பலகை இருந்தது, நாற்காலி கவிழ்ந்திருந்தது, சறுக்கிவிட்டது என்றார்கள். ஆனால் நான் ஒரு தவறு செய்திருந்தேன். அவசரத்தில் இரண்டு பலகைகளையும் இடம் மாற்றி மாட்டிவிட்டேன். ஒன்றில் ஒரு நசுங்கல் உண்டு, ஆல்டன் அதை எப்போதும் வலப்பக்கம் போடுவார். அன்று அது இடப்பக்கம் இருந்தது. அவர் அதைக் கவனித்தார். கவனித்து என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? அடக்கம் முடிந்த மறுநாள் இதே அறையில் உட்கார்ந்து சொன்னார்.

"அன்னிக்கு மருந்துக் கடைக்குப் போற அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன் பிரூடன்ஸ். கொக்கி சரியா உக்காந்திருக்காது. என் கையாலயே அவளைக் கொன்னுட்டேன்."

நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் கொண்டுவந்து, இத்தகைய சாய்தளங்களின் ஆபத்தைக் குழு கவனத்தில் கொள்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். ஆல்டன் எழுந்து நின்று நன்றி சொன்னார். ஃபுர்டாடோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பிறகு என் இடுப்பு முறிந்தது. கதவுக்கு மேலுள்ள கண்ணாடியைத் துடைக்க முக்காலியில் ஏறினேன், சொந்தத் தவறுதான். மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் ஆல்டன் தினமும் வருகிறார். சிப்பிச் சூப் காய்ச்சிக் கொண்டுவருகிறார், குப்பையை எடுத்துப் போகிறார். என்னைக் கவனித்துக்கொள்ளும்போதுதான் அவருக்கு ராத்திரி தூக்கம் வருகிறதாம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்வதற்குக் காரணம் வேண்டுமே. என்னிடம் இருக்கிற காரணம் ஒன்றுதான்.

ஏப்ரலில் ஒரு நாள், என் முன்வாசலில் சாய்தளம் கட்ட வரைபடத்தோடு வந்தார். மாவிஸுக்காகக் கொடுத்த அதே படம். பக்கவாட்டுத் தோற்றம், கைப்பிடியின் பருமன், மரத்தின் மாதிரி எல்லாம் இருந்தன, ஒன்றும் விட்டுப்போகவில்லை. எட்டு மாதம் நானே சொல்லிக் கொடுத்ததாயிற்றே.

"உங்களுக்கும் அப்படி ஆக விடமாட்டேன் பிரூடன்ஸ். இந்தத் தடவை சரியாக் கட்டுறேன். அசையவே அசையாது, பாருங்க."

இடுப்பு முறிந்த வாரத்தில் வீட்டுப் பொறுப்பை ஒஹையோவில் இருக்கும் என் தங்கை மகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். இப்போது குழுவின் தலைவர் ஃபுர்டாடோ. வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டம். அனுமதித்துவிடுவார்கள், எனக்கு ஒரு கைதட்டலும் உண்டாம். கூட்டம் நடக்காமல் போனாலும் பயனில்லை. செவ்வாய்க்கிழமைதான் அறுபதாம் நாள், தானாகவே அனுமதி ஆகிவிடும். என் தங்கை மகளிடம் கால நீட்டிப்புத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்க இந்த ஊரில் இப்போது யாருக்கும் அக்கறை இல்லை. மரம் வந்து இறங்கிவிட்டது. அதோ, ஆல்டன் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்டீர்கள். ஆல்டனுக்காகத்தான். தன் கையால் மனைவியைக் கொன்றுவிட்டதாக ஒரு நல்ல மனிதர் இரண்டு ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறார். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க வேண்டியவள் நான். மாவிஸ் ஸ்ப்ரேக்கைக் கொன்றது நான்தான். பலகையை எடுத்தவள் நான், அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நடக்க மாட்டார், ஆணி அடிக்கவும் வர மாட்டார் என்று நினைக்கிறேன்.

என்னை இப்போதே கூட்டிப் போவதானாலும் ஆட்சேபம் இல்லை. பை கட்டித் தயாராக இருக்கிறது. உங்கள் வண்டியில் சக்கர நாற்காலிக்கு மடக்குப் பலகை இருக்கும் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பின்வாசலில் இரண்டே படி, சந்துக்குள் இறங்கும், அங்கே போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் வேண்டாம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்.